டியூஷனுக்கு வரும் குழந்தை சொன்ன விஷயம்: யாரிடம் போவது, எப்படிச் சொல்வது?

மாலைவகுப்பு:
வணக்கம். வீட்டில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். அதில் ஒரு பெண் குழந்தை, தொடக்கப் பள்ளியில் படிப்பவள், கொஞ்ச நாளாக வகுப்பு முடிந்தும் கிளம்புவதில்லை. நேற்று எல்லாரும் போன பிறகு ஏன் என்று கேட்டேன். "அம்மா வேலையிலிருந்து வர்ற வரைக்கும் இங்கயே இருக்கேன் மிஸ்" என்றாள். அவர்கள் வீட்டில் உறவினர் ஒருவர் தங்கியிருக்கிறார். அவரோடு தனியாக இருக்கப் பயமாம். அதற்குப் பிறகு அவள் சொன்னதை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. விளையாட்டு இல்லை என்பது மட்டும் புரிந்தது.

ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. அவள் அம்மாவிடம் சொல்வதா, நேராக போலீஸா? என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. நாளைக்கு "இல்லை" என்று குழந்தையே சொல்லிவிட்டால்? என் பெயர் வெளியே வருமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அவசரம்.

நெறியாளர்:
மேலே உள்ள பதிவில் ஊர்ப் பெயர், பள்ளிப் பெயர், உறவுமுறை மூன்றையும் நீக்கியிருக்கிறேன். பாதிக்கப்பட்ட குழந்தையை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது என்று, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு சொல்கிறது. பதில் எழுதும் எல்லாரும் இதைக் கவனிக்கவும்.

களப்பணி:
மிஸ், முதலில் 1098, குழந்தைகளுக்கான உதவி எண். இதைப் படித்த கையோடு கூப்பிடுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள், கட்டணம் கிடையாது. பக்கத்து மாவட்டத்துக்கு அழைப்பு போய்விட்டாலும் சரியான இடத்துக்கு மாற்றிக் கொடுப்பார்கள். 1996இல் மும்பையில் தெருக் குழந்தைகளுக்காகத் தொடங்கிய எண் இது. நெடுங்காலம் தொண்டு நிறுவனங்கள்தான் நடத்தின. 2023க்குப் பிறகு அரசே எடுத்துக்கொண்டு, 112 அவசர எண்ணோடும் இணைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் இப்போது அழைப்புக்குப் பின்னால் நிற்பது மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகு. கலெக்டர் ஆபீஸ் வட்டாரத்தில் விசாரித்தால் அந்த அலுவலகத்தைக் காட்டுவார்கள். நேரிலும் போகலாம்.

ஆதாரத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஆதாரம் தேடுவது போலீஸ் வேலை. உங்கள் கையில் இருப்பது குழந்தை சொன்ன வார்த்தை, அதுவே போதும். அதை அவள் சொன்ன மாதிரியே, அவள் சொன்ன சொற்களிலேயே ஒரு தாளில் எழுதித் தேதி போட்டு வையுங்கள். நாகரிகமான வார்த்தையாக மாற்ற வேண்டாம், உங்கள் ஊகத்தையும் சேர்க்க வேண்டாம்.

இனி அவளிடம் தோண்டித் தோண்டிக் கேட்காதீர்கள். அவளாகச் சொன்னால் "சரிம்மா", "அப்புறம்?" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். "அவர் இப்படிச் செஞ்சாரா, அப்படிச் செஞ்சாரா" என்று நாமே எடுத்துக் கொடுத்தால், பின்னால் கோர்ட்டில் "டீச்சர் சொல்லிக் கொடுத்தது" என்பார்கள். அதைவிட, ஒரே விஷயத்தை ஆள் மாற்றி ஆளிடம் சொல்ல வைப்பது அந்தப் பிள்ளைக்குப் பெரிய கொடுமை. "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்து தராதீர்கள், காப்பாற்ற முடியாது. "நீ சொன்னது நல்லது, இதில் உன் தப்பு எதுவும் இல்லை, உன்னைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளக்கூடியவர்களிடம் சொல்லப் போகிறேன்" என்று சொல்லுங்கள்.

இன்று மாலையும் அவளை அந்த வீட்டுக்குத் தனியாக அனுப்ப வேண்டாம். அம்மா வரும்வரை உங்களோடு இருக்கட்டும். அந்த ஆள் வந்து தகராறு செய்தால் உடனே 112.

ஊர்மரியாதை:
நான் சொல்வது சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். பெண் பிள்ளை விஷயம். போலீஸ், கோர்ட் என்று போனால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும், நாளைக்குக் கல்யாணம் காட்சி என்று வரும்போது அந்தக் குடும்பம்தான் தலைகுனிந்து நிற்கும். வீட்டுப் பெரியவர்களைக் கூப்பிட்டு, அந்த ஆளைக் கண்டித்து வேறு ஊருக்கு அனுப்பிவிட்டால் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும் அல்லவா? டீச்சர் இதில் தலையிட்டு எதற்கு வம்பை விலைக்கு வாங்க வேண்டும்?

வக்கீல்_தெற்கு:
ஐயா, வயதில் மூத்தவராகத் தெரிகிறீர்கள், மரியாதையோடு சொல்கிறேன். நீங்கள் சொன்ன வழியில் அந்த ஆள் போய்ச் சேரும் ஊரிலும் குழந்தைகள் இருப்பார்கள்.

சட்டமும் அதற்கு இடம் தரவில்லை. போக்சோ 19ஆம் பிரிவின்படி, குற்றம் நடந்தது தெரிந்தாலும் சரி, நடந்துவிடும் என்ற அச்சம் இருந்தாலும் சரி, எவராக இருந்தாலும் போலீஸுக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவித்தாக வேண்டும். தெரிந்தும் மறைத்தால் 21ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். தனக்குக் கீழே வேலை செய்பவர் செய்த குற்றத்தை ஒரு நிறுவனத்தின் பொறுப்பாளர் மறைத்தால் ஓர் ஆண்டு வரை. குழந்தைக்கு மட்டும் இந்தத் தண்டனை கிடையாது. பஞ்சாயத்துப் பேசி, வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கி முடித்த விஷயங்கள் நிறைய என் மேஜைக்கு வந்திருக்கின்றன. அந்தக் காகிதத்துக்குக் கோர்ட்டில் மதிப்பில்லை. பேசி முடித்தவர்களே சிக்கிக்கொள்வதுதான் நடக்கும்.

டீச்சருக்கு: நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மீது சிவில் வழக்கும் வராது, கிரிமினல் வழக்கும் வராது. 19(7)இல் தெளிவாக இருக்கிறது. பொய்ப் புகாருக்குத் தண்டனை உண்டுதான். ஆனால் அது ஒருவரைக் கெடுக்க வேண்டும் என்றே இட்டுக்கட்டியவருக்கு. சந்தேகப்பட்டுச் சொன்னவருக்கு இல்லை. குழந்தை பிறகு மாற்றிச் சொன்னாலும் உங்களை ஒன்றும் செய்ய முடியாது. 1098இல் பேசும்போது உங்கள் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும் என்பதில்லை.

தஞ்சைத்தாய்:
ஊர்மரியாதை ஐயா, நான் அந்தக் குடும்பங்களில் ஒருத்தி. எங்கள் வீட்டிலும் "பேசி முடித்துக்கொள்ளலாம்" என்றுதான் சொன்னார்கள். மாமியாரும் நாத்தனாரும் காலில் விழாத குறை. என் பிள்ளை மூலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது. யார் மானத்தைக் காப்பாற்றுவது என்று பெரியவர்கள் சண்டை போட்டார்களே தவிர, அந்தக் குழந்தை சாப்பிட்டதா என்று ஒருவரும் கேட்கவில்லை. அன்றைக்கு ராத்திரியே முடிவு செய்துவிட்டேன்.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், பிறகு வருபவர்களுக்கு உதவும். அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போனோம். "யோசிச்சு நாளைக்கு வாங்கம்மா" என்றே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். 1098இல் பேசியவர் கொடுத்த யோசனைப்படி, புகாரை எழுதிப் பதிவுத் தபாலில் எஸ்.பி. அலுவலகத்துக்கு அனுப்பினேன். அதற்குப் பிறகு எஃப்.ஐ.ஆர். போட்டார்கள். நகலை இலவசமாகத் தர வேண்டும், கேட்டு வாங்குங்கள். நான் வாங்கினேன்.

வாக்குமூலம் எடுக்கப் பிள்ளையை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போகத் தேவையில்லை என்பது எனக்கு முதலில் தெரியாது. வீட்டுக்கே வர வேண்டும், யூனிஃபார்ம் போட்டிருக்கக் கூடாது, முடிந்தவரை சப்-இன்ஸ்பெக்டருக்குக் குறையாத பெண் அதிகாரியாக இருக்க வேண்டும், ராத்திரியில் எந்தக் காரணத்துக்காகவும் குழந்தையை ஸ்டேஷனில் வைக்கக் கூடாது. எங்கள் வீட்டுக்குச் சேலை கட்டிய ஒரு எஸ்.ஐ. அம்மா வந்தார். தரையில் உட்கார்ந்து, பிள்ளையோடு படம் வரைந்துகொண்டேதான் பேசினார். அவரை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். நல்லவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் கைக்கு வழக்கு போய்ச் சேரும்வரை நாம்தான் விடாமல் தட்ட வேண்டியிருக்கிறது.

வக்கீல்_தெற்கு:
தஞ்சைத்தாய் அம்மா சொன்னதோடு ஒன்று: போக்சோ புகாரைப் பதிவு செய்யத் தவறுவதும் அதே 21ஆம் பிரிவில் குற்றம். இதை ஸ்டேஷனில் நிதானமாக, சத்தம் போடாமல் சொன்னாலே பல நேரம் பேனா எழுதத் தொடங்கும். "எங்கள் எல்லை இல்லை" என்று திருப்பி அனுப்பவும் முடியாது. எந்த ஸ்டேஷனிலும் புகாரை வாங்கிப் பதிவு செய்து, உரிய இடத்துக்கு அவர்கள்தான் அனுப்ப வேண்டும். எஸ்.பி.க்கு எழுதியும் நடக்கவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் 15100ஐக் கூப்பிடுங்கள். சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் எண் அது.

அரசுமருத்துவர்:
எல்லாரும் போலீஸ் பக்கமே பேசுகிறீர்கள், ஆஸ்பத்திரியை மறந்துவிடாதீர்கள். குழந்தைக்கு வலி, காயம், ரத்தம் என்று எது இருந்தாலும் முதலில் இங்கே கொண்டு வாருங்கள். எஃப்.ஐ.ஆர். இருந்தால்தான் பார்ப்போம் என்று எந்த ஆஸ்பத்திரியும் சொல்லக் கூடாது. அரசு, தனியார் இரண்டுக்கும் இது பொருந்தும். சிகிச்சையும் இலவசம். நாங்களே போலீஸுக்குத் தகவல் அனுப்புவோம்.

சம்பவம் நடந்து 72 மணி நேரத்துக்குள் என்றால் தாமதமே கூடாது. எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை அந்த நேரத்துக்குள் கொடுத்தால்தான் பலன், வயதுக்கு வந்த பெண்ணுக்கான கருத்தடை மாத்திரையும் எவ்வளவு சீக்கிரம் கொடுக்கிறோமோ அவ்வளவு நல்லது. குளிப்பாட்டாமல் கூட்டி வாருங்கள். அப்போது போட்டிருந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் போட்டு எடுத்து வாருங்கள், பிளாஸ்டிக் கவரில் ஈரம் தங்கிக் கெட்டுவிடும். ஏற்கெனவே குளித்துவிட்டது, துவைத்தாகிவிட்டது என்றால் அதற்காக வராமல் இருந்துவிடாதீர்கள். சிகிச்சைதான் முதல் காரியம். பெண் குழந்தையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும், அம்மாவோ குழந்தை நம்பும் வேறு ஒருவரோ கூடவே இருக்கலாம். பிறப்புறுப்பில் விரல் விட்டுப் பார்க்கும் இரு விரல் பரிசோதனை என்ற அசிங்கத்தை உச்ச நீதிமன்றம் தடை செய்துவிட்டது. யாராவது செய்ய முயன்றால் மறுத்துவிடுங்கள்.

மாலைவகுப்பு:
1098இல் பேசிவிட்டேன். கை நடுங்கியது, ஆனால் மறுமுனையில் பேசிய பெண் அவசரப்படுத்தவே இல்லை. குழந்தையின் வயது, எங்கே இருக்கிறாள், இப்போது பத்திரமாக இருக்கிறாளா, அந்த ஆள் இன்னும் வீட்டில்தான் இருக்கிறாரா, அம்மா எப்படிப்பட்டவர் என்று கேட்டார். என் பெயரைச் சொல்ல விருப்பம் இல்லை என்றால் பரவாயில்லை என்றார். நானே சொல்லிவிட்டேன். மாவட்ட அலகிலிருந்து ஆட்கள் வந்து அம்மாவை வேலை செய்யும் இடத்துக்கு வெளியே சந்தித்துப் பேசுவதாகச் சொன்னார்கள்.

ஒரு பயம் மட்டும் இருக்கிறது. குழந்தையை அம்மாவிடமிருந்து பிரித்து ஹோமில் போட்டுவிடுவார்களா? அப்படி நடந்தால் என்னால் தாங்க முடியாது.

களப்பணி:
ரொம்ப நல்ல காரியம் செய்தீர்கள். இந்தப் பயம் எல்லாருக்கும் வரும், அதனாலேயே பலர் வாய் திறப்பதில்லை. புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் போலீஸ் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். குற்றம் செய்தவர் அதே வீட்டில் இருக்கிறார் என்றால் குழந்தையை அந்தக் குழுவின் முன்னால் கொண்டு வருவார்கள். வீட்டில் இருப்பது பாதுகாப்பா இல்லையா என்பதை மூன்று நாளுக்குள் குழு முடிவு செய்யும், குழந்தையின் விருப்பத்தையும் கேட்கும். அம்மா உறுதியாகக் குழந்தையின் பக்கம் நின்றால், வெளியேற வேண்டியவர் அந்த உறவினர்தான். இல்லத்தில் சேர்ப்பது வேறு வழியே இல்லாதபோது எடுக்கும் கடைசி முடிவு. அம்மா அந்த ஆளுக்குப் பரிந்து பேசினால்தான் சிக்கல். அப்போதும் பாட்டி வீடு, பெரியம்மா வீடு என்று பார்ப்பார்கள்.

குழுவிடம் மறக்காமல் ஆதரவு நபர் வேண்டும் என்று கேட்கச் சொல்லுங்கள். வழக்கு முடியும்வரை குழந்தையோடு கூடவே வந்து, அடுத்து என்ன நடக்கும் என்று அந்தப் பிள்ளைக்குப் புரியும்படி சொல்ல ஒருவரை நியமிக்க விதிகளில் இடம் உண்டு. கேட்காத குடும்பங்களுக்குப் பல நேரம் கிடைப்பதே இல்லை.

பள்ளிஆசிரியை:
பள்ளிக்கூடத்தில் நடப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 14417 பள்ளிக் கல்வித்துறையின் எண். 2021இல் சென்னையில் மாணவிகள் பள்ளியில் நடந்த பாலியல் தொல்லையைப் பற்றி ஒருவர் பின் ஒருவராகப் பேசத் தொடங்கிய பிறகுதான் பலருக்கு இந்த எண் தெரிய வந்தது. ஆனால் பாலியல் குற்றம் என்றால் 14417இல் சொன்னதோடு கடமை முடியவில்லை, போலீஸுக்கும் தகவல் போக வேண்டும். "முதலில் நாங்கள் விசாரணைக் குழு வைத்துப் பார்க்கிறோம்" என்று நிர்வாகம் சொன்னால் நம்பிக் காத்திருக்காதீர்கள். அதற்குள் அந்தப் பிள்ளையை எத்தனை பேர் முன்னால் நிறுத்துவார்கள்!

அப்புறம், பிரம்படியை இன்னும் பலர் வன்முறையாகவே நினைப்பதில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. வீட்டில் சூடு போடுவது, பட்டினி போடுவது, கட்டி வைப்பது எல்லாம் இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவில் வரும். இதற்கும் அதே 1098தான்.

மன்னார்க்காரன்:
இலங்கையில் இருந்து வாசிப்பவர்களுக்கு: எங்களுக்கு 1929. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம், தமிழிலும் கதைக்கலாம்.

பதினாறு:
இங்க எழுதலாமான்னு தெரியல. எனக்கு 16 வயசு. ஆன்லைன்ல பழகின ஒருத்தர்கிட்ட என் போட்டோ இருக்கு. பணம் அனுப்பலேன்னா ஸ்கூல் குரூப்ல போடுவேன்னு மிரட்டுறார். வீட்ல தெரிஞ்சா அப்பா என்னைக் கொன்னுடுவார். செத்துடலாம் போல இருக்கு.

களப்பணி:
தம்பியோ தங்கையோ, இங்கே எழுதியது ரொம்ப நல்லது. இப்போதே, இந்தப் பக்கத்தை மூடுவதற்கு முன்னால், 14416ஐ அழை. டெலிமானஸ் என்ற அரசு மனநல எண், எந்நேரமும் தமிழில் பேசுவார்கள். 1098ம் உனக்காகத்தான். உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு அதிகமானால் தனியாக இருக்காதே, வீட்டில் யார் பக்கத்திலாவது போய் உட்கார். காரணம் சொல்ல வேண்டியதில்லை. கையில் ஏதாவது வைத்திருந்தால் அதைத் தூரப் போட்டுவிட்டுப் போய் உட்கார். உடனடி ஆபத்து என்றால் 112.

இப்போது அந்த ஆளைப் பார்ப்போம். பணம் அனுப்பாதே. ஒரு தடவை அனுப்பினால் மறுபடியும் கேட்பார். அவருக்குப் பதிலும் எழுதாதே. ஆனால் எதையும் அழித்துவிடாதே: மிரட்டல் செய்திகள், அவருடைய கணக்குப் பெயர், பணம் கேட்ட எண் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வை. பிறகு பிளாக் செய். 1930 சைபர் கிரைம் எண், சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் புகார் கொடுக்கலாம். "டேக் இட் டவுன்" என்று ஒரு இலவசச் சேவை இருக்கிறது, 18 வயதுக்குக் கீழே எடுத்த படங்களுக்காகவே நடத்துகிறார்கள். படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை, உன் போனிலேயே அதற்கு ஓர் அடையாளக் குறி உருவாகும். அந்தக் குறியை வைத்து ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்கள் படத்தைக் கண்டுபிடித்து நீக்கும்.

குற்றவாளி அவர்தான், நீ இல்லை. அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்பதை 1098இல் கேள், அவர்களே வந்தும் பேசுவார்கள்.

நெறியாளர்:
பதினாறு, உங்களுக்குத் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன். நானும் இன்னொரு நெறியாளரும் இன்றிரவு விழித்திருக்கிறோம். அழைத்ததும் ஒரு வார்த்தை எழுதுங்கள். மற்றவர்கள் யாரும் அவருக்குத் தனிச்செய்தி அனுப்ப வேண்டாம்.

தஞ்சைத்தாய்:
கண்ணு, என் வயிற்றில் பிறந்த பிள்ளை மாதிரி சொல்கிறேன், அப்பா முதலில் கத்துவார், அப்புறம் உன் பக்கம்தான் நிற்பார். பயமாக இருந்தால் முதலில் அம்மாவிடமோ அத்தையிடமோ போ.

பதினாறு:
1098 பேசினேன். ஒரு அக்கா ரொம்ப நேரம் பேசினாங்க. இப்ப சித்தி பக்கத்துல இருக்கேன், சித்திகிட்ட சொல்லிட்டேன். நாளைக்குக் கூட வர்றேன்னு சொன்னாங்க.

மௌனம்_இனி_இல்லை:
இந்த இழையை மூன்று முறை படித்துவிட்டு எழுதுகிறேன். நான் ஆண், வயது 24. எட்டாம் வகுப்பு படித்தபோது விளையாட்டுப் பயிற்சிக்குப் போன இடத்தில் நடந்தது. யாரிடமும் சொன்னதில்லை. பையனுக்கு இப்படி நடக்கும் என்றே யாரும் நம்ப மாட்டார்கள் என்று நினைத்தேன். அந்த ஆள் இன்னும் பயிற்சி கொடுத்துக்கொண்டிருக்கிறார். இத்தனை வருஷம் கழித்துப் புகார் கொடுக்க முடியுமா?

வக்கீல்_தெற்கு:
முடியும். போக்சோ ஆண், பெண் என்று பிரித்துப் பார்ப்பதில்லை, 18 வயதுக்குக் கீழே உள்ள எல்லாருக்கும் அது பொருந்தும். இந்தச் சட்டத்தில் புகார் கொடுக்கக் காலக்கெடு இல்லை என்று 2018இல் மத்திய சட்ட அமைச்சகமும் தெளிவுபடுத்தியிருக்கிறது. சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் 2012 நவம்பர் 14. உங்கள் வயதைப் பார்த்தால் அதற்குப் பிறகு நடந்ததாகத்தான் தெரிகிறது. வருஷம் கடந்ததால் மருத்துவச் சான்று கிடைக்காது, அதை மறைக்க விரும்பவில்லை. வழக்கு உங்கள் சாட்சியத்தையும் அந்தக் காலத்தில் அங்கே இருந்தவர்கள் சொல்வதையும் நம்பித்தான் நடக்கும். அதே ஆளால் பாதிக்கப்பட்ட இன்னொருவர் முன்வந்தால் வலு கூடும். ஓர் ஆண்டுக்குள் விசாரணையை முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், நடைமுறையில் அதைவிட நீளும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

களப்பணி:
சகோதரா, நீங்கள் சொல்வதை நம்புகிறேன். 2007இல் மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் நடத்திய ஆய்வில், பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகள், 53 சதவீதத்தினர், ஏதோ ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அதில் பையன்களின் பங்கு பெண் பிள்ளைகளைவிடக் குறையவில்லை. நீங்கள் ஒருவர் மட்டும் இல்லை.

இரண்டை வேறுவேறாகப் பாருங்கள். புகார் கொடுப்பதை நீங்கள் தயாராகும் வேகத்தில் முடிவு செய்யலாம். ஆனால் அந்த இடத்தில் இன்றைக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்காக 1098இல் பெயர் சொல்லாமலாவது இப்போதே தகவல் கொடுங்கள். உங்களுக்கென்று பேச மாவட்ட அரசு ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவு இருக்கிறது. சென்னையில் என்றால் குழந்தைகள் மீதான பாலியல் வன்முறை குறித்தே வேலை செய்யும் துளிர் அமைப்பும் இருக்கிறது. ஸ்டேஷனுக்குப் போக முடிவு செய்தால் எந்த மாவட்டம் என்று மட்டும் தனிச்செய்தியில் எழுதுங்கள், உடன் வரக்கூடிய ஆளை விசாரித்துச் சொல்கிறேன்.